முட்டுக்கட்டை அக்கா கையெழுத்துப் போட்ட கேம்

என் அம்மா கம்ப்யூட்டர் கேம்களை உடைத்துப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவள். போன மாதம் இறந்துபோனாள். இதயம். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அவ்வளவுதான் இருக்கிறது. அவள் வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும்.

ஒரு சின்ன கேம் கம்பெனி. கீழே பல் ஆஸ்பத்திரி, மேலே இவர்கள். அம்மா அங்கே தலைமை டெஸ்டர். புரோகிராமர்கள் எழுதி முடித்ததை ஆடிப் பார்த்து, எங்கே உறைந்து நிற்கிறது, எங்கே ஆள் சுவருக்குள் நடந்துபோகிறான் என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவாள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் கேம் வெளியே போகும். அதனால் அவளுக்கு முட்டுக்கட்டை அக்கா என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். போனை எடுத்து, "முட்டுக்கட்டைதான் பேசுறேன், சொல்லு" என்பாள்.

உள்ளங்கையை விரித்து எல்லாப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அடிப்பாள். குழந்தை அடித்தால் இப்படித்தான் அடிக்கும் என்று விளக்கம் வேறு. கல்லூரியில் நான் முதன்முதலாக ஒரு டிக்கெட் புரோகிராம் எழுதி வீட்டில் காட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"வயசுக்கு மைனஸ் நாலுன்னு போட்டேன்டி. வாங்கிக்கிச்சு. பொறக்காதவனுக்கெல்லாம் டிக்கெட் குடுப்பியா?"

அப்பா சிரித்ததில் தண்ணீர் புரையேறியது.

நான் சொல்ல வந்தது படகு கேமைப் பற்றி. தீவு தீவாகத் தபால் கொண்டுபோகும் ஒரு பெண்ணின் கதை. கம்பெனி தன் கையிருப்பையெல்லாம் அதில் போட்டிருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை வெளியானது. திங்கட்கிழமைக்குள் ஊரே திட்டிக்கொண்டிருந்தது.

அன்று கண்ணாடியை வீட்டில் விட்டுப் போயிருந்தாள். கொடுக்கப் போனேன். உள்ளே ஏசி ஓடியும் புழுங்கியது. பெரிய திரையில் வாங்கியவர்களின் வசவு மேலேறிக்கொண்டே இருந்தது. 'காசும் குடுத்து டெஸ்ட்டும் நாங்களே பண்ணணுமா?' 'அரைவேக்காட்டை விக்க வெக்கமா இல்ல?' 'ரெண்டு நாள் ஆடினது மொத்தமும் காலி.' எல்லாம் ஒரே புகார்தான். அணைத்துவிட்டு மறுபடி திறந்தால், சேமித்த ஆட்டம் வெறுமையாக இருக்கிறது.

"கண்ணாடிய குடுடி. உக்காரு. இங்க இழவு வீடு மாதிரி இருக்கு, பயப்படாத."

ஓனர் அவளைவிடச் சின்னவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கையில் ஓர் அறிவிப்பு வைத்திருந்தார். சில பழைய கணினிகளில் மட்டும் இந்தக் கோளாறு வருகிறது, உங்கள் கருவியைச் சரிபாருங்கள் என்று அதில் இருந்தது. தலைமை டெஸ்டர் பெயரில் போனால்தான் எடுபடும்.

"நம்ம ஆபீஸ்ல ஒருத்தருக்காவது வந்துச்சா அக்கா? காலையிலேர்ந்து பன்னிரண்டு மெஷின்ல பாத்தாச்சு. அப்ப அவங்க மெஷின்தான?"

"எனக்கு வலிக்கலங்கிறதுக்காக உனக்கு வயித்துவலி இல்லன்னு ஆயிடுமா தம்பி?"

"இன்னும் ரெண்டு நாள் இப்படியே எல்லாரும் காச திருப்பிக் கேட்டா கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான். தப்பு நம்மளோடதுன்னு ஒத்துக்கிட்டா இன்னிக்கே மூடலாம்."

அந்த அறிவிப்பில் பெயரைப் போட்டால் அவளுடைய கையெழுத்துக்குக் களங்கம் இல்லை. ஆட்கள் வேலையும் ஒருவேளை தப்பிக்கும். பொய்யா என்று அந்த நேரத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

அம்மா அறிவிப்பைப் படித்தாள். மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இருக்கறதுலயே ரொம்ப அசிங்கமா திட்டினவன் நம்பர் குடு."

புரோகிராமர் தயங்கினார். பணம் திருப்பிக் கேட்டவர்கள் எண் கொடுத்திருந்தார்கள். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். எதிர்முனையில் ஒரு வெல்டர். பட்டறைச் சத்தம் பின்னால் கேட்டது.

"கேம் கம்பெனியா? என் வாயில நல்லா வந்துரும் சொல்லிட்டேன்."

"வரட்டும் சார். திட்டி முடிங்க, நான் இருக்கேன். அப்புறம் ஒரு கேள்வி கேக்கணும்."

அவர் திட்டினார். சில வார்த்தைகள் எனக்குப் புதிது. அம்மா நகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். மூச்சு வாங்க அவர் நிறுத்தியதும் ஆரம்பித்தாள்.

"எங்கேர்ந்து ஆட ஆரம்பிச்சீங்க?"

"இது என்ன கேள்வி? ஆரம்பத்துலேர்ந்துதான்! வேற எங்கேர்ந்து ஆரம்பிப்பாங்க?"

"சரி. அணைக்கறதுக்கு முன்னாடி கடைசியா என்ன பண்ணீங்க?"

"தபாலெல்லாம் குடுத்துட்டு தொறமொகத்துக்கு வந்தேன். படக கயித்தால கட்டினேன். என் பொண்ணுதான் சொன்னா, கட்டாம போனா அலை இழுத்துக்கிட்டுப் போயிரும்ப்பான்னு. கட்டிட்டு அணைச்சேன். காலையில ஒண்ணுமே இல்ல. அவ அழுதுக்கிட்டே ஸ்கூலுக்குப் போனா."

அம்மா நிமிர்ந்தாள். புரோகிராமரைப் பார்த்தாள். அவர் பன்னிரண்டு மெஷின்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

ஆபீஸில் ஆடிப் பார்த்தவர்கள் யாரும் துறைமுகத்துக்குப் போனதே இல்லை. துறைமுகத்தில் வரும் தொடக்கக் காட்சி நீளம் என்று, ஒரு பொத்தானை அழுத்தினால் நேராக நடுக்கடலில் இறக்கிவிடும் வசதியைத் தங்களுக்கென்று வைத்திருந்தார்கள். அம்மாதான் கேட்டு வாங்கியது. எல்லாப் பரிசோதனையும் நடுக்கடலில் தொடங்கி நடுக்கடலில் முடிந்தது. அங்கே படகைக் கட்ட இடம் ஏது? படகைக் கவனமாகக் கட்டிவிட்டுப் போனவர்களுக்குத்தான் ஆட்டம் அழிந்திருந்தது. அலட்சியமாக மிதக்கவிட்டவர்களுக்கு ஒரு கேடும் இல்லை.

ஓனர் போனைக் காட்டி, சத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கையால் சைகை செய்தார். அவர் கணக்கு எனக்கே புரிந்தது. போனை வைத்துவிட்டு ஓசைப்படாமல் சரிசெய்துவிடலாம். பழைய கணினிதான் காரணம் என்றே இருந்துவிடும்.

அம்மா அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

"சார், தப்பு உங்க மெஷின்ல இல்ல. என்மேல. நான்தான் சரின்னு கையெழுத்துப் போட்டவ. நாங்க ஒருத்தரும் ஆரம்பத்துலேர்ந்து ஆடிப் பாக்கல."

அவர் பட்டறை மெஷினை அணைப்பது கேட்டது.

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும்."

"அடப்பாவிங்களா." அப்புறம் அவர் சிரித்துவிட்டார். "சரி மேடம், என் படகு திரும்ப வருமா?"

"வராது. அழிஞ்சது அழிஞ்சதுதான். வரும்னு சொன்னா அது இன்னொரு பொய். கட்டினாலும் அழியாத கேம் இன்னிக்கு சாயங்காலம் வரும். காசு வேணும்னாலும் வாங்கிக்கங்க."

"பொண்ணக் கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

ஓனர் நாற்காலியில் சாய்ந்தார். "நாளைக்கே இத எழுதி நம்மள நாறடிக்கப் போறாரு."

"அவரு எழுதறதுக்குள்ள நாம எழுதிருவோம்."

அவளே தட்டினாள். நாலு வரி. படகைக் கட்டாமல் அணையுங்கள், சாயங்காலம் சரியாகிவிடும், நாங்கள் தொடக்கத்திலிருந்து ஆடிப் பார்க்கவில்லை, அது தலைமை டெஸ்டரான என் பிழை. ஓனர் இரண்டு தடவை படித்தார். 'என்' என்பதை அடித்து 'எங்கள்' என்று மாற்றினார். அம்மா மறுபடி 'என்' ஆக்கினாள். அவர் விட்டுவிட்டார். அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.

வசவு உடனே நிற்கவில்லை. முதல் ஒரு மணி நேரம் கூடியது. பிறகு சிலர் படகைக் கட்டாமல் அணைத்து, ஆட்டம் அப்படியே இருக்கிறது என்று எழுதினார்கள். அவர்களே மற்றவர்களுக்கும் சொல்லத் தொடங்கினார்கள். பணம் கேட்பது குறைந்தது. கம்பெனி அந்த வாரமும் மூடவில்லை, அதன் பிறகும் மூடவில்லை.

புரோகிராமர் கயிற்றைச் சரிசெய்து முடித்ததும் அம்மா சொன்னாள்.

"அந்த நடுக்கடல் பொத்தானையும் எடுத்துரு."

"அக்கா! அது இல்லாம ஒரு நாளைக்கு ஒரு தடவ ஆடி முடிக்கறதே பெரும்பாடு."

"வாங்கறவனுக்கு அந்தப் பொத்தான் குடுத்திருக்கியா?"

எடுத்தார்கள். எல்லோரும் துறைமுகத்திலிருந்து தொடங்கினார்கள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். துறைமுகத்தை விட்டுக் கிளம்ப அவளுக்குத் தெரியவில்லை. கரைச் சுவரில் ஒருமுறை இடித்தாள். பக்கத்துப் படகில் ஒருமுறை. அறை முழுக்கச் சிரித்தது.

"சிரிங்கடா, சிரிங்க" என்று சொல்லிக்கொண்டே படகைத் திருப்பி, மறுபடி சுவரிலேயே இடித்தாள்.