சாலிஹ் காது வைத்த வேன்

சாய்ந்தமருதில் யாராவது பழைய வாகனம் வாங்கப் புறப்பட்டால், வாகனத்தின் பதிவுப் புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சாலிஹைத் தேடிப் போவார்கள். அட்டாளைச்சேனையில் ஓர் அரிசி ஆலையின் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் நின்ற மனிதர் அவர். ஆலை கரண்டுக்கு மாறியபோது வேலை போனது, பெயர் மட்டும் மிஞ்சியது. "சாலிஹ் காக்கா காது வச்ச வண்டி" என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் போதும், பிறகு அந்த வண்டியைப் பற்றி எவனும் நொட்டை சொல்ல மாட்டான்.

காது வைப்பது என்றால் சும்மா சாய்ந்து கேட்பது அல்ல. ஒரு முழ நீளமுள்ள திருப்புளி வைத்திருந்தார். அதன் நுனியை ஓடுகிற எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். எத்தனையாவது சிலிண்டரில் என்ன கோளாறு என்பதைப் புட்டுப் புட்டு வைப்பார். அதற்கு அவர் வாங்கிய கூலி ஒரு பிளேன் டீ. உள்ளதைச் சொல்ல வேண்டும், அப்படியொரு காது அந்த மனிதருக்கு இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்ல முடியும். ஆலைச் சத்தம் அந்தக் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வந்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு நாள், மனைவி றம்லா கிணற்றடியில் வாளியைப் போட்டு உடைத்தாள். திரும்பிப் பார்க்கிற வரை அவருக்கு எதுவும் தெரியாது. அன்று பிடித்தது பயம். பள்ளிவாசலில் மைக்கில் சொல்லும் பாங்கு கேட்கும், பக்கத்தில் இருப்பவர் சொல்லும் சலாம் கேட்காது. ஆட்களின் வாயைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகினார். வாய் பிடிபடாத நேரத்தில் "ஓம் ஓம்" என்று சிரித்துத் தலையாட்டினார். டொக்டரிடம் போகவில்லை. போனால் சாலிஹுக்குக் காது கேட்காதாம் என்று ஊருக்குள் பரவும், அதற்குப் பிறகு தன்னை எதற்காகத் தேடுவார்கள் என்று பயந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் தங்கை ஸுலைஹா வீட்டில் வேன் பேச்சு வந்தது. அவளுடைய மகள் சிபானாவுக்குப் பேராதனைக் கம்பசில் இடம் கிடைத்திருந்தது. பிள்ளையைக் கொண்டுபோய் விடக் குடும்பமே போக வேண்டும், மொத்தம் ஒன்பது பேர். தங்கையின் கணவர் மிஹ்லார் மருதமுனையில் நெய்கிற சாரம் வாங்கி விற்கிறவர், இதுநாள் வரை மோட்டார்சைக்கிளில் ஓடினவர். இனி டீசல் வேன்தான் என்று முடிவெடுத்து, திங்கட்கிழமை சாலிஹைக் கூட்டிக்கொண்டு அக்கரைப்பற்றில் வாகனம் விற்கும் இடமொன்றுக்குப் போனார்.

ஒரே மாதிரி இரண்டு வேன்கள் நின்றன. ஒன்று டர்போ இல்லாத சின்ன எஞ்சின், மற்றது டர்போ வைத்த பெரிய எஞ்சின்.

"எது மச்சான் நமக்குச் சரி?" என்று மிஹ்லார் கேட்டார்.

"ஒன்பது பேர ஏத்திக்கிட்டு மகியங்கனையில பதினெட்டு வளைவு ஏறணும். சின்னது மூச்சு வாங்கும். டர்போவத்தான் பாக்கணும்."

அதுவரைக்கும் சரி. டர்போ வேனுக்குப் பளபளவென்ற அகல டயர் நாலு போட்டிருந்தார்கள். சாலிஹ் குந்தியிருந்து ஒவ்வொன்றையும் விரலால் தடவினார். பொலிஷுக்கு அடியில் மயிரிழை வெடிப்புகள். ஓரத்தில் அச்சடித்திருந்த நாலு இலக்கத்தைப் படித்தார். பத்து வருடத்துக்கு முந்திய டயர்.

"இது காருக்குப் போடுற டயர், அதுவும் கிழடு. ஆள் பாரத்துக்கு வெடிச்சுப் போகும். கொம்பனி போட்ட அளவு, கொஞ்சம் ஒடுக்கமா, பாரம் தாங்குற டயரா நாலு மாத்தித் தரச் செல்லுங்க."

விற்கிறவர் முகம் சுளித்தார், ஆனாலும் ஒப்புக்கொண்டார். கண்ணாலும் விரலாலும் பார்க்கிற வேலையில் சாலிஹை இன்றைக்கும் யாரும் ஏமாற்ற முடியாது.

பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்தார்கள். புகை பார்த்தார், எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தார். குறை தெரியவில்லை. திருப்புளியை ஊன்றி எலும்பில் அழுத்தினார். தாடை அதிர்ந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மிஹ்லார் குனிந்து உரத்துக் கேட்டார். "உள்ளுக்க டக் டக் எண்டு ஒரு சத்தம் வருதே மச்சான், அது என்ன?"

சாலிஹுக்கு எந்த டக் டக்கும் கேட்கவில்லை. 'எனக்குக் கேட்கவில்லை' என்று இரண்டு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லையே பாவி மனிதர்.

"அது இன்ஜெக்டர்ர சத்தம். டீசல் எண்டா அப்பிடித்தான். நல்ல எஞ்சின், எடுங்க" என்றார்.

பயம் வீட்டுக்கு வரும் வழியிலேயே தொடங்கிவிட்டது. அந்த டக் டக் இன்ஜெக்டராக இருந்தால் தப்பினோம். அடியில் பேரிங் தேய்ந்து தட்டுகிற சத்தமாக இருந்தால்? தட்டையில் ஓடுகிறவரை ஓடும். மலை ஏறும்போது பாரம் இழுத்து இறுகி நின்றுவிடும். எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகும், ஸ்டியரிங் திரும்பாது, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நின்ற இடத்தில் நிற்காமல் பின்னோக்கி உருளுகிற வேன் கண்ணுக்குள்ளேயே நின்றது. செவ்வாய்க்கிழமை சோறு இறங்கவில்லை. புதன்கிழமை தொழுகையில் எத்தனையாவது றக்அத் என்று மறந்துபோய்ப் பக்கத்து ஆளின் காலைப் பார்த்துக் குனிந்தார். றம்லா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "வாப்பா, காய்ச்சலா?" என்று மகன் கைபேசியில் கத்தினான். ஓம் ஓம் என்றார்.

போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை செருப்பைப் போட்டார். இரண்டு தடவையும் தெருமுனையில் கால் வரவில்லை. ஒருவேளை நல்ல எஞ்சினாகத்தான் இருக்கும், எதற்கு வீணாகப் பெயரைக் கெடுத்துக்கொள்வது என்று மனம் ஆசை காட்டியது. அடுத்த நொடியே சிபானாவின் முகம் வந்தது. அவருக்குத் தன் மீதே வெறுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனார். வாப்பா உம்மாவின் வீடு, வழக்கப்படி பெண் பிள்ளைக்குப் போனது. வாசலில் வேன் நின்றது. அவர் சொன்ன அளவிலேயே நாலு புது டயர் போட்டிருந்தது. தலையணை, பாய், வாளி என்று சிபானா உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளை சுபஹ் தொழுகைக்குப் பிறகு பயணம்.

"மாமா, நீங்களும் வாங்களேன்" என்று அவள் சிரித்தாள். அவள் வாயிலிருந்து அது விளங்கியது.

"ஸ்டார்ட் பண்ணுங்க மச்சான், இன்னொருக்கா பாப்பம்" என்றார் மிஹ்லாரிடம். மிஹ்லார் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினார். சாலிஹ் திருப்புளியை ஊன்றி, எலும்பு வலிக்கிற மாதிரி அழுத்தினார். யா அல்லாஹ், ஒரே ஒரு தடவை கேட்க வை. தாடை அதிர்ந்தது, அவ்வளவுதான். திருப்புளியை அங்கேயே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்.

ஸுலைஹா ஹொஸ்டலுக்குக் கட்டிக் கொடுக்க மாசிச் சம்பல் வறுத்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் முகத்தைக் கண்டதும் கரண்டியை வைத்தாள்.

"புள்ள, இந்த வேன்ல போகாதீங்க. அண்டைக்கி மச்சான் சத்தம் வருது எண்டார். எனக்குக் கேக்கல்ல. இன்ஜெக்டர் எண்டு பொய் செல்லிட்டன். எனக்குக் காது இல்ல புள்ள. ஒங்கள எல்லாம் நான் கொல்லப் பாத்தன்."

சொல்லி முடித்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவள் திடுக்கிடுவாள், கத்துவாள், மிஹ்லாரைக் கூப்பிடுவாள் என்று நினைத்தார். அவள் எதுவும் செய்யாமல் அவருக்கு நேரே வந்து நின்றாள். சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"தெரியும் காக்கா. அண்டைக்கி அஸர் தொழுகைக்குப் பிறகே மெக்கானிக் மசூரக் கூட்டிட்டுப் போய்ப் பாத்தம். பேரிங்தான் போயிருந்திச்சி. வித்தவரே கழட்டி மாத்தித் தந்திட்டார். நீங்க பயப்படாதீங்க."

சாலிஹுக்கு முதலில் உயிர் வந்தது. ஒன்பது பேரும் பிழைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகுதான் மற்றது உறைத்தது.

"எப்ப இருந்து தெரியும்?"

"ரெண்டு வருசமா."

இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் அவர் காது வைத்த வண்டிகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அப்துல் ஹமீட் ஹாஜியாரின் லொறி, பள்ளிக்கூட அதிபரின் கார், றிபாத்தின் வேன், சொறிக்கல்முனைக் கந்தப்போடியின் டிரக்டர். எல்லாரும் வாய் நிறையச் சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டவர்கள்.

"அப்ப, அவங்களும் தெரிஞ்சிக்கிட்டுத்தான் என்னக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

ஸுலைஹா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். தோள் அசைந்தது மட்டும் தெரிந்தது. வழக்கமென்றால் ஓம் ஓம் என்று சிரித்துவிட்டு வெளியே போயிருப்பார். இப்போது சிரிப்பு வரவில்லை, போகவும் முடியவில்லை.

"கேக்கல்ல புள்ள. இஞ்சால கிறுகிச் செல்லு" என்றார். தன் வாயால் அதை யாரிடமும் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. அவருக்கு விளங்கவேண்டும் என்று உதட்டை நிதானமாக அசைத்துச் சொன்னாள்.

"எல்லாரும்தான், காக்கா."