தாழ்ப்பாள் மேடம்

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் தேடுவது பெண்கள் கழிப்பறையைத்தான். அவசரம் எதுவும் இருக்காது. உள்ளே போய்க் கதவைச் சாத்துவார், தாழ்ப்பாளை இழுத்துப் போடுவார், "நல்லா தள்ளுங்க" என்று எனக்குக் குரல் கொடுப்பார். நான் வெளியிலிருந்து தள்ளுவேன். கதவு அசையாவிட்டால் "பாஸ்" என்று பதில் வரும். திறந்துகொண்டுவிட்டால், இடுப்பில் கைவைத்து நின்றபடி என்னை ஒரு முறை முறைப்பார், என்னவோ அந்தக் கட்டடத்தையே நான்தான் கட்டியதுபோல. வங்கி, ஆஸ்பத்திரி, தியேட்டர் எதுவும் தப்பியதில்லை. ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில் எழுந்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

எங்கள் கல்லூரியில் அவர் பொதுக்கொள்கைப் பாடம் எடுக்கிறார். நான் கணக்கியல். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் ஒட்டினாற்போல் கிடப்பதால் அவர் கோபத்தில் பாதி தினமும் என் மேசைக்கு வந்துவிடும். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் தாழ்ப்பாள் மேடம். அது அவர் காதுக்கு எட்டியபோது வருத்தப்படவில்லை. "பரவாயில்லையே, என் பாடத்துல ஒரு வார்த்தையாவது மண்டைல ஏறியிருக்கே" என்றார்.

அவர் தோள்பையைத் திறந்தால் உடைந்த சாக்பீஸ், நமுத்துப்போன பிஸ்கட், தேடும்போது மட்டும் கிடைக்காத மூக்குக்கண்ணாடி எல்லாம் இருக்கும். அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பித்தளைத் தாழ்ப்பாளும் அதற்குண்டான திருகாணிகளும் இருக்கும். இரும்புக்கடை வைத்திருக்கும் தம்பி கொடுத்தது. முதல் வகுப்பன்று அதை எடுத்து டங்கென்று மேசைமேல் போடுவார்.

"பொதுக்கொள்கைன்னா என்ன?"

முதல் வரிசையில் யாராவது ஒருத்தி எழுந்து, "பொதுமக்களின் நலன் கருதி அரசு வகுக்கும்..." என்று ஆரம்பிப்பாள்.

"நிறுத்து. புத்தகத்த மூடு. இந்தக் காலேஜ்ல பொண்ணுங்க பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல. யாராவது கூடி உட்கார்ந்து, தாழ்ப்பாள் வேண்டாம்னு முடிவு பண்ணாங்களா?"

"இல்ல மேடம்."

"வேணும்னு முடிவு பண்ணாங்களா?"

"இல்ல மேடம்."

"யாரும் ஒண்ணும் முடிவு பண்ணல. ஆனா உள்ள போறவ தினமும் பயந்துகிட்டுதான் போறா. அப்படிக் கண்டுக்காம விட்டதும் கொள்கைதான். எழுதிக்கோ."

அந்தக் காலத்தில் எங்கள் கல்லூரியின் நிலைமை உண்மையிலேயே அதுதான். நாங்கள் எல்லாரும் வாளியை முட்டுக்கொடுத்துவிட்டுக் காலம் தள்ளினோம். ஒருநாள் முதல்வர் மனமிரங்கி, "என் சொந்தச் செலவுல ஒண்ணு மாட்டிடறேன் மேடம், விடுங்க" என்றார். நான் கும்பிடாத குறை. இவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"நீங்க மாட்டினா அது உபகாரம் சார். நாளைக்கு உடைஞ்சா மறுபடி உங்க கருணைக்குக் காத்துக் கிடக்கணும். தலைவலி எனக்கு வந்தா நான் மாத்திரை போட்டுக்குவேன். எல்லாருக்கும் தினமும் வந்தா அத யாரு பார்க்கணும்னு ஒரு ஏற்பாடு வேணும். அந்த ஏற்பாட்டக் குடுங்க."

ஏற்பாடு வருவதற்குள் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. எத்தனையோ நாள் வாளியைப் பிடித்துக்கொண்டு அவரைத்தான் திட்டினேன். ஆனால் வந்தது. மாதாமாதம் ஒருவர் எல்லாக் கதவுகளையும் சோதிக்கவேண்டும், பழுது இருந்தால் அந்த வாரமே சரிசெய்ய வேண்டும் என்று கல்லூரி விதியில் சேர்ந்தது. அந்த முதல்வர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். கதவுச் சோதனை இன்னும் நடக்கிறது.

அவர் பாடத்தை மற்ற துறைக்காரர்கள் மாற்றாந்தாய்ப் பிள்ளையாகத்தான் நடத்துகிறார்கள். பொருளாதாரத்துக்காரர்கள் "அது அரசியல்" என்பார்கள், அரசியல்காரர்கள் "நிர்வாகம்" என்று கைகாட்டுவார்கள், புள்ளியியல்காரர் "அங்க கணக்கே கிடையாதே" என்று உதட்டைப் பிதுக்குவார். நானும் சும்மா இருக்க மாட்டேன். "எல்லா வீட்டுலயும் கடன் வாங்கிச் சமைக்கிற பாடம்தானே உங்களது?" என்று சீண்டுவேன். அவர் அசரமாட்டார். "ஆமாம்மா, கடன்தான். கணக்கு உங்ககிட்ட, சட்டம் அவங்ககிட்ட, மனுஷங்க தெருவுல. பசிக்கிறவனுக்கு இலை போடணும்னா நாலு வீட்டுக்கும் போய்த்தான் ஆகணும்" என்று விடைத்தாளில் சுழித்துக்கொண்டே சொல்வார்.

இப்போது அவர் கோபமெல்லாம் மொத்தக் காய்கறிச் சந்தையின் பெண்கள் கழிப்பறைமேல் இருக்கிறது. சந்தையின் பின்பக்கம், மூட்டை இறக்கும் இடத்தையொட்டி இருக்கிறது அது. தண்ணீர் வரும், விளக்கு எரியும். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும்தான். விடியும் முன்பே வந்து மாலைவரை உட்கார்ந்திருக்கும் பெண்கள் அந்தச் சந்தையில் ஏராளம். அவர்களில் வெங்காயம் விற்கும் ஒரு அம்மாவிடம்தான் இவர் எப்போதும் வாங்குவார். வெங்காயம் சாக்கு, வம்புதான் சரக்கு.

அந்த அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. ஒரு தடவை வந்து போனதில்லை, திரும்பத் திரும்ப வருகிறது. காய்ச்சலோடு தராசு பிடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"டாக்டர் தண்ணி நிறைய குடிங்கறாரு டீச்சரம்மா. குடிச்சா எங்க போறது? வேற யாராச்சும் கூட வந்து கதவப் பிடிச்சுக்கணும். அவங்க கடைய யாரு பார்க்கிறது? அதான் வீட்டுக்குப் போற வரைக்கும் வாயையே நனைக்கிறதில்ல."

இவர் ஏதோ ஆறுதல் சொல்லப் போனார். அந்த அம்மா விடவில்லை. "பைக்குள்ளயே தாழ்ப்பாள வச்சுக்கிட்டு மாட்டாம சுத்துறீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

இவர் முகம் சிவந்துபோனது. அன்று சாயங்காலமே தம்பியை வரச்சொன்னார். "அக்கா, பையில வச்சுச் சுமக்காம எங்கயாவது மாட்டுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று தம்பி சிரித்துக்கொண்டே மாட்டிக்கொடுத்தார். ஒரு வாரம் ஓடியது. மழைக்கு மூட்டை ஒதுக்க வந்த யாரோ கதவை நெம்பியதில் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. சந்தை மேற்பார்வையாளரைக் கேட்டால் நகராட்சி என்றார், நகராட்சியைக் கேட்டால் குத்தகைக்காரர் என்றார்கள், குத்தகைக்காரர் போனையே எடுக்கவில்லை. "பார்த்தீங்களா? நான் செஞ்சது உபகாரம், அதோட ஆயுசு ஒரு வாரம்" என்றார் என்னிடம். ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை அந்தக் குரலில். மறுநாள் தம்பி கடையிலிருந்து புதுத் தாழ்ப்பாள் ஒன்று பைக்கு வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் வியாபாரிகள் சங்கம் அந்த இடத்தைக் கிடங்காக்கித் தரும்படி கேட்டது. கழிப்பறையை யாராவது உபயோகிக்கிறார்களா என்று ஆராய்ந்து சொல்லுமாறு நகராட்சி எங்கள் கல்லூரியிடம் கேட்டது. பொதுக்கொள்கைத் துறைத்தலைவர் இவர் காதில் விழாமல் வேலையை முடித்தார். விழுந்தால் ரகளை ஆகும் என்று அவருக்குத் தெரியும். அறிக்கையும் போய்விட்டது. வண்ண வண்ணப் படங்களோடு அது சொன்னதன் சாரம், பெண்களுக்கு அந்தக் கழிப்பறை தேவைப்படவில்லை என்பது.

ஆராய்ச்சி நடந்த விதம் வெங்காய அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. "உங்க காலேஜ் தம்பிங்க ரெண்டு பேரு, மீசையும் தாடியுமா, அந்தக் கதவுக்கு நேரா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாங்க டீச்சரம்மா. உள்ள போறவங்கள எண்ணுறாங்களாம். வெக்கமா இருக்காதா? கிட்ட வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டோம்."

தாழ்ப்பாள் இல்லாத கதவு. அதற்கு நேரெதிரே ஆண்பிள்ளைகள் இருவர், கையில் பேனாவோடு. யாரும் உள்ளே போகவில்லை. ஆகவே யாருக்கும் தேவையில்லை! இதைப் படித்தவர்கள் யோசித்து, படித்தவர்கள் எழுதி, படித்தவர்கள் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த வெங்காயப் பையைக் கீழே போட்டுவிட்டேன்.

இவர் நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"எண்ணுறதுக்கு ஆணென்ன பெண்ணென்ன மேடம்? எண்ணத் தெரிஞ்சா போதாதா?" என்று அவர் சாவகாசமாகக் கேட்டார்.

"வந்தவங்கள எண்ணினீங்க. உங்களப் பார்த்துத் திரும்பிப் போனவங்கள எண்ணினீங்களா? அவங்கதான் சார் நம்ம பாடமே! அவங்கள விட்டுட்டு என்ன கொள்கை, என்ன ஆராய்ச்சி?"

"உணர்ச்சிவசப்படாதீங்க. தரவு தரவுதான்."

இவர் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தார். நான் அறையாததற்குக் காரணம், இவர் முந்திக்கொண்டதுதான்.

போன மாதம் நகராட்சி அரங்கில் இது சம்பந்தமாகக் கூட்டம் நடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். வெங்காய அம்மா வரமுடியவில்லை, மறுபடி காய்ச்சல். கூட்டத்துக்குத் தலைமை சுகாதார அதிகாரி. ஐம்பது வயதுக்குப் பக்கமான பெண்மணி, அதிர்ந்து பேசாதவர், எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் ஆள் வழக்கப்படி முதல் வேலையாக அரங்குக்கு வெளியே கூடத்துக் கோடியில் இருந்த பெண்கள் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்தார். "இங்கயும் திருகாணி ஓட்டைதான்" என்று என் காதில் சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

துறைத்தலைவர் படங்களைத் திரையில் காட்டினார். பிறகு இவர் எழுந்து, நாற்காலி போட்டது, திரும்பிப் போனது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, காய்ச்சல், உடைந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். வியாபாரிகள் பக்கமிருந்து யாரோ "பாத்ரூம் ஆராய்ச்சி" என்று முணுமுணுக்க, சிரிப்பு கிளம்பியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். "உங்க அக்கறை புரியுது மேடம். தாழ்ப்பாள் சின்ன விஷயம். ஆனா உபயோகமே இல்லைன்னு உங்க காலேஜ்தானே எழுதிக் குடுத்திருக்கு? ஆதாரம் இல்லாம நான் எப்படி முடிவெடுக்கிறது? டீ சாப்பிட்டு வந்துடலாம். வந்ததும் தீர்மானத்த வாசிச்சு முடிச்சிடலாம்."

அவ்வளவுதான். கழிப்பறை போகும், வெங்காய மூட்டைகள் உள்ளே வரும், வெங்காயம் விற்கிறவள் வெளியே நிற்பாள். டீயைத் தொடக்கூடப் பிடிக்காமல் நாங்கள் இருவரும் கூடத்தில் வந்து நின்றோம். இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது அதிகாரி அம்மா வேகமாக எங்களைத் தாண்டிக் கோடிவரை போனார். அவருடைய அலுவலக அறை வேறு கட்டடத்தில் இருக்கிறது. கழிப்பறைக் கதவருகே நின்று இப்படியும் அப்படியும் பார்த்தார். கூடவே வரும் எழுத்தர் பெண் தீர்மானத்தை நகலெடுக்கப் போயிருந்தாள். கூடத்தில் எங்களைத் தவிர பெண்கள் யாருமில்லை. தயங்கித் தயங்கித் திரும்பி வந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. ஒரு நிமிஷம் வெளிய நிக்கிறீங்களா? அந்தக் கதவு சரியா நிக்காது."

நானாக இருந்தால் நறுக்கென்று நாலு கேட்டிருப்பேன். "எந்தக் கதவும்மா? தேவையே இல்லாத கதவா?" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவர் பையில் கைவிட்டுத் துழாவி எதையோ எடுத்துக்கொண்டு, பையை என்னிடம் நீட்டினார். பிறகு போய் அந்தக் கதவுக்கு முதுகைக் கொடுத்து, பின்னால் ஒரு கையால் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நின்றார். டீக்கோப்பையோடு அந்தப் பக்கமாக வந்த துறைத்தலைவர், இவர் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிப் போனார்.

உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டு நின்றது. இவர் கைப்பிடியை விட்டு நகர்ந்தார். அதிகாரி வெளியே வந்தார். ஈரக்கையைத் துடைக்க எதுவும் அகப்படாமல் உதறிக்கொண்டே, "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றார்.

இவர் அவருடைய கையைப் பிடித்து, அந்த ஈர உள்ளங்கையில் தாழ்ப்பாளை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.