வாங்க ஆளில்லாத பங்கு

எங்கள் பக்கத்தில் மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவன் முதலில் அவளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். கலியாணம் முடிந்து மாப்பிள்ளை குடிவருவது பெண்ணின் வீட்டுக்குத்தான். என் மகளின் வீட்டுச் சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்தபோது கையிலிருந்த காசு தீர்ந்தது. வரிப்பத்தான்சேனையில் இருந்த வயலை விற்றேன். அந்தக் காசை நேரே கல்லிலும் சீமெந்திலும் போட்டிருக்க வேண்டும். இரண்டு வருடம் பங்குச் சந்தையில் போட்டு வைத்தால் மேல்மாடியும் சேர்த்தே கட்டலாம் என்று எனக்கு ஆசை பிடித்தது.

பங்கு வாங்கப் பழக்கியவன் மனைவியின் தம்பி. அவனுக்கும் ஒரு மகள், ஒரு அரைகுறை வீடு. நாடறிந்த பெரிய கம்பனி ஒன்றில் காசைப் போட்டிருந்தான். அந்தக் கம்பனிக்கு ஹோட்டல்களும் உண்டு.

"ஹோட்டல்ல சாராயம் விக்கிறாங்க மச்சான். மகள்ட வீட்டுக்கு அந்தக் காசா?" என்று பள்ளிவாசலுக்கு முன்னால் நாலு பேர் கேட்கக் கேட்டேன். அவன் முகம் கறுத்துப் போனது. அடுத்த கிழமையே அதை விற்றுவிட்டு, மார்க்கம் அனுமதிக்கும் பங்குகளின் ஹலால் பட்டியலில் இருந்த இன்னொரு பெரிய கம்பனிக்கு மாறினான்.

நான் அதே பட்டியலின் அடியில் கிடந்த, தென்னந்தும்பு மெத்தை செய்யும் சின்னக் கம்பனி ஒன்றைப் பிடித்தேன். "பெரிசெல்லாம் வளந்து முடிஞ்ச மாடு மச்சான். நான் கண்டுக்குட்டி வாங்கிறன்" என்றேன். ஹலாலைப் பார்த்தால் அவன் மாறிய கம்பனியும் என்னுடையதும் ஒன்றுதான். என் பேராசைக்கு மார்க்கத்தைப் போர்த்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிறகு எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருடம் வந்தது. எல்லாப் பங்கும் விழுந்தது. மச்சானுக்கும் நட்டம். ஆனால் அவன் காலையில் விற்கச் சொன்னான், பகலுக்குள் விற்றுப் போனது. வந்த காசில் கூரையைப் போட்டு மகளின் கலியாணத்தை முடித்துவிட்டான்.

நானும் கொழும்புத் தரகருக்குப் போன் எடுத்தேன். "விலை இருக்கு சேர். வாங்கத்தான் ஆளில்ல" என்றார். சின்னக் கம்பனியின் விலை நாலு பேர் கூடி வாங்கினால் ஏறும். அந்த நாலு பேரும் போய்விட்டால் அது போனில் தெரியும் வெறும் இலக்கம். இது எனக்கு வாங்கும்போது தெரியாது. கேட்கவுமில்லை.

மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருடம் பொறுத்தார்கள். பிறகு சாய்ந்தமருதில் கூரை போட்ட வீடுள்ள வேறொரு பெண்ணைப் பேசிப் போய்விட்டார்கள். அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டியதில் ஒரு நியாயமும் இல்லை.

"வாப்பா, இண்டைக்கு ஆராச்சும் பங்கைக் கேட்டாங்களா?" என்று மகள் ஆரம்பத்தில் தினமும் கேட்பாள். பிறகு பெருநாளுக்குப் பெருநாள் கேட்டாள். பிறகு கேட்பதேயில்லை. வீட்டுச் சுவரில் பாசி பிடித்து, உள்ளே எருக்கலை முளைத்திருந்தது. மனைவியும் நோயில் விழுந்து மாதா மாதம் மருந்தெடுத்தாள்.

போன மாதம் தரகரே கதைத்தார். யாரோ கொஞ்சப் பங்கு வாங்கியிருக்கிறார்களாம். வரும் காசுக்கு நாலைந்து பை சீமெந்து வாங்கலாம். அடுப்படிக்கு ஓடினேன்.

"மகள், வித்துப் போயிட்டு! இனி மிச்சத்துக்கும் ஆள் வரும்."

அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எனக்கு முப்பத்திரண்டு வாப்பா. வீட்டுக்கெண்டு இனி ஒண்டும் விக்காதீங்க. இதை உம்மாட மருந்துக்கு வெய்ங்க."

ஓம் என்றேன்.