என்னைச் சோதித்துவிட்டு உள்ளே விடுங்கள்

1. இரண்டு லைன்

பட்டாசுக் கம்பெனி வேலை கேட்டில்தான் தொடங்கும். ஆமத்தூர் தாண்டி இருந்த எங்கள் கம்பெனி கேட்டில் காலையில் இரண்டு லைன் நிற்கும். இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். ஆண்களை வாட்ச்மேன் சுப்பையா அண்ணன் இடுப்பு மடி வரைக்கும் தடவிப் பார்த்து பீடி, தீப்பெட்டி, செல்போனை வாங்கி வைப்பார். பெண்களைச் சோதிப்பது சண்முகத்தாய் அக்கா. கொண்டையில் இரும்பு ஊசி இருந்தால் கண்டுபிடித்துவிடுவார். கொலுசோடு வந்தால் கழற்ற வைப்பார். நைலான் சேலையோடு வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெடிமருந்து கிடக்கிற இடத்தில் ஒரு பொறி போதும் என்பதால் அவரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

நான் திருநங்கை. பெயர் பாண்டியம்மாள். நான் சேர்ந்தது இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில். திருநங்கை என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. மரியாதை தெரிந்தவர்கள் அரவாணி என்பார்கள். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதி அந்தச் சொற்களுக்கு நான் விளம்பரம் கொடுக்கப் போவதில்லை.

அதற்கு முன்பு சாத்தூரில் தீப்பெட்டி பேக்கிங்கில் இருந்தேன். அங்கே ஆர்டர் குறைந்து ஆட்களை நிறுத்தினார்கள். பட்டாசுக்கு அது சீசன், ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள். மேனேஜர் என்னை ஆபீசில் உட்கார வைத்து நாலு பெட்டி கட்டச் சொல்லிப் பார்த்தார். "கை வெரசா ஓடுது. நாளைக்கு வந்துரு" என்றார். எந்த லைனில் வர வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சேலை கட்டியவள் எந்த லைனில் நிற்பாள்?

மறுநாள் வேனில் இருந்து இறங்கிப் பெண்கள் லைனில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ராமலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

"இங்கன எதுக்கு நிக்க? அங்கிட்டுப் போ."

"எனக்கு இங்கனதான்."

"அதெப்படி? பொம்பளைக துணியை நெகிழ்த்திக் காட்டுத இடம் இது."

ஆண்கள் லைனில் இருந்து ஒருவன், "எங்ககிட்ட அனுப்புங்க, நாங்க நல்லா செக் பண்ணி விடுதோம்" என்றான். அந்த லைன் முழுக்கச் சிரித்தது. சுப்பையா அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

என் முறை வந்தது. கைகளை விரித்து நின்றேன். சண்முகத்தாய் அக்கா தன் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் தொட மாட்டேன். மேனேஜரைக் கூப்பிடுங்க."

மேனேஜர் வந்தார். பின்னால் இரண்டு வேன் ஆட்கள் நிற்கிறார்கள். உள்ளே லோடு ஏற்ற லாரி காத்திருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார், இரண்டு லைனையும் பார்த்தார்.

"சரி, ஒண்ணு செய்ங்க. இவங்களை யாரும் செக் பண்ண வேண்டாம். சும்மா உள்ள விட்டுருங்க" என்றார்.

எல்லோருக்கும் நிம்மதி. பொய் சொல்வானேன், எனக்கும் நிம்மதிதான்.

2. ராஜமரியாதை

அந்தக் கம்பெனியில் சோதனை இல்லாமல் உள்ளே போனது இரண்டே பேர். ஒன்று முதலாளியின் கார், இன்னொன்று நான். காலையில் லைனை ஒட்டி நான் நடந்து போகும்போது எனக்கே சிரிப்பு வரும். பிறந்ததில் இருந்து எனக்குக் கிடைத்த முதல் ராஜமரியாதை அதுதான்.

என்னைப் போட்டது புஸ்வாணம் பேக்கிங். ஒரு ரூமில் நான்கு பேர். அதில் ராமலட்சுமியும் ஒருத்தி. அவளுடைய இடது கையில் மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை தோல் சுருங்கி மினுமினுவென்று இருக்கும். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் ரூம் வெடித்தபோது பட்டது. அதே ரூமில் இருந்த அவளுடைய மதினி பிழைக்கவில்லை. ராமலட்சுமி என்னோடு பேச மாட்டாள். லேபிள் வேண்டுமென்றால் கையை நீட்டுவாள், நான் கொடுப்பேன்.

வேலை முடிந்ததும் மருந்துத் தூள் படிந்த துணியைப் பெண்கள் மாற்றுவது ரெஸ்ட் ஷெட்டில். முதல் நாளே, நான் அங்கே இருந்தால் யாரும் மாற்ற மாட்டோம் என்றார்கள். சரி என்று மறுநாள் வீட்டில் இருந்து ஒரு பழைய போர்வையைக் கொண்டுவந்து மூலையில் கொடி இழுத்து மறைப்புக் கட்டினேன். "நீங்க மாத்தும்போது நான் இதுக்குள்ள இருக்கேன். நான் மாத்தும்போதும் இதுக்குள்ள இருக்கேன். போதுமா?" என்றேன்.

கொஞ்ச நாளில் பார்த்தால், போர்வைக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள். அப்புறம் இன்னொருத்தி. கல்யாணமாகி வந்த புதுப்பெண், ஆபரேஷன் தழும்பைக் காட்டக் கூச்சப்படுகிறவள், வயிறு பெருத்தவள் என்று ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நாலு பேர் பார்க்கத் துணி மாற்றுவது அங்கே ஒருத்திக்கும் பிடித்ததில்லை, கேட்க மட்டும் யாரும் கேட்டதில்லை. கடைசியில் என் போர்வைக்கு வெளியே நானே காத்திருந்தேன். "உள்ள யாரு? வெரசா வா தாயி" என்று நான் கத்துகிற நிலைமை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

3. ஒரு குச்சி

தீபாவளி நெருங்கிய நேரம். மதியச் சாப்பாடு முடிந்து திரும்பி வந்தோம். எங்கள் ரூம் வாசல்படி ஓரத்தில், செருப்பு விடுகிற இடத்தில், ஒரு தீக்குச்சி கிடந்தது. உரசாத குச்சி, சிவப்புத் தலை அப்படியே இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒன்றுமில்லாத விஷயம். எங்களுக்கு அது பாம்பைப் பார்த்த மாதிரி. ராமலட்சுமி தன்னையறியாமல் இடது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். போர்மேன் வந்து ஈரத்துணியில் குச்சியை எடுத்துப் போனார். எங்கள் வரிசையில் இருந்த ரூம்களை எல்லாம் நிறுத்தினார்கள்.

மேனேஜர் வந்து, "யாரு கொண்டாந்தது?" என்றார்.

ராமலட்சுமிதான் சொன்னாள்.

"எல்லாரையும் கேட்ல தடவித்தான் விடுறாக. தடவாம வாறது யாரு?"

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. அந்த நிமிடத்தில்தான் மேனேஜர் எனக்குக் கொடுத்த ராஜமரியாதை என்னவென்று எனக்கு உறைத்தது. என்னைச் சோதிக்காமல் விட்டது என் மேல் வைத்த நம்பிக்கை இல்லை, மரியாதையும் இல்லை. என்றைக்காவது ஒரு குச்சி கிடந்தால் யாரை நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

"நான் கொண்டாரல சார்."

"நான் நம்புறேன்மா. ஆனா பாரு, பொம்பளைக பயப்படுறாக. நீ சீசன் முடியுற வரைக்கும் வீட்ல இரு. பொறவு பாப்போம்."

பொறவு பாப்போம் என்றால் என்னவென்று வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். அந்த வேலை போனால் எனக்குச் சாத்தூரும் கிடையாது, சிவகாசியும் கிடையாது. குச்சி கொண்டுவந்தவள் என்ற பெயர் எனக்கு முன்னால் ஒவ்வொரு கேட்டுக்கும் போய்விடும். அதற்கப்புறம் மிச்சம் இருப்பது கடை கடையாகக் கை தட்டிக் காசு கேட்பது. அதைச் செய்கிற என் சகோதரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அது வேண்டாம் என்றுதான் பெட்டி கட்டக் கற்றுக்கொண்டேன்.

அந்தக் குச்சி யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அடுப்படியில் இருந்து யாருடைய சேலை மடிப்பிலாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை.

4. லைன் நகரவில்லை

மறுநாள் விடிந்ததும் போனேன். வீட்டில் இருக்கச் சொன்னார்கள், நான் கேட்டில் இருந்தேன். முதல் வேன் வருவதற்கு முன்பே பெண்கள் லைனில் முதல் ஆளாக நின்றேன். சண்முகத்தாய் அக்கா வந்தார்.

"உன்னைய வர வேண்டாம்னுட்டாகளே."

"என்னைய சோதிங்கக்கா."

"என்னது?"

"தலையில இருந்து கால் வரைக்கும் சோதிங்க. அவுகளுக்கெல்லாம் செய்றாப்புல செய்ங்க. சோதிச்ச பிறகு உள்ள விடுங்க."

"நான் தொட மாட்டேன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"அப்ப நான் நகர மாட்டேன்க்கா."

வேன்கள் வந்தன. எனக்குப் பின்னால் லைன் வளர்ந்தது. கேட்டில் பெண்கள் போகிற வழி குறுகல். நான் நின்ற இடத்தைத் தாண்டிப் பெண்கள் உள்ளே போக வழியில்லை. ஆண்கள் லைன் காலியானது, எங்கள் லைன் அப்படியே நின்றது. வெயில் ஏறியது. பின்னால் இருந்து வசவு வந்தது. அத்தனையும் காதில் விழுந்தது, நகரவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார்.

"ஏம்மா, இன்னைக்கு லோடு போகணும். சரி, ஒன்னைய நிறுத்தல. சும்மா உள்ள போ, வேலையப் பாரு."

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது.

"சும்மா போக மாட்டேன் சார். சும்மா போனதுக்குத்தான் நேத்து என்னையக் குத்தவாளி ஆக்குனீக. நாளைக்கு ஒரு பீடித் துண்டு கெடந்தாலும் நான்தான். என்னைய சோதிச்சு விடுங்க, இல்லன்னா இங்கனயே நிக்கேன்."

"சுப்பையா செக் பண்ணட்டும்."

நான் சுப்பையா அண்ணனைப் பார்த்தேன். "அண்ணே, உங்க பொண்ணை இன்னொரு ஆம்பளை தடவிப் பாக்க விடுவீகளா?"

அவர், "நான் மாட்டேன் சார்" என்று சொல்லி இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

சண்முகத்தாய் அக்கா மெதுவாக, "எனக்குக் கூச்சமா இருக்குத்தா. நான் வேற என்ன சொல்ல?" என்றார். அந்த வார்த்தையில் பொய் இல்லை. அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

அப்போது லைனுக்குள் இருந்து ராமலட்சுமி முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துப் பேசினாள்.

"யக்கா, இவளைச் சோதிச்சு விடுங்க."

"நீதானட்டி இவ பொம்பளை லைன்ல நிக்கக் கூடாதுன்ன?"

"சொன்னேன். நேத்து வரைக்கும் சொன்னேன். ஆனா சோதிக்காத ஆளோட நான் ஒரே ரூம்ல உக்கார மாட்டேன். அது முதலாளி பொண்டாட்டியா இருந்தாலும் உக்கார மாட்டேன். சோதிச்சு விட்டா உக்காருவேன். ஒரு தடவை வெந்தது போதும் எனக்கு."

எனக்காக அவள் பேசவில்லை. தன் உயிருக்காகப் பேசினாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்ததிலேயே நேர்மையான பேச்சு அதுதான்.

சண்முகத்தாய் அக்கா முந்தானைக்குள் இருந்து கைகளை எடுத்தார். "கையை விரி" என்றார்.

விரித்தேன். தோள், கை, இடுப்பு, கொசுவ மடிப்பு என்று ஒவ்வொன்றாக வந்தார். முதலில் விரல்கள் தயங்கின, பிறகு பழகிய வேகத்துக்கு வந்துவிட்டன. கடைசியாகக் கொண்டையைப் பிடித்துப் பிரித்தார். அவருடைய விரல் நின்றது. கொண்டையில் இருந்து ஒரு இரும்பு ஊசியை உருவி எடுத்தார்.

தீப்பெட்டிக் கம்பெனிக் காலத்துப் பழக்கம், கொண்டை போடும்போது கை தானாகச் சொருகிவிடும். அது தலையில் இருப்பதே எனக்கு நினைவில்லை. இத்தனை நாளும் அந்த ஊசியோடுதான் மருந்துப் பக்கம் போய் வந்திருக்கிறேன். யாரும் தடவிப் பார்க்காததால் யாருக்கும் தெரியவில்லை.

அக்காவுக்கு வந்ததே கோபம். கூச்சமெல்லாம் எங்கே போனதோ.

"ஏட்டி, அறிவிருக்கா ஒனக்கு? இம்புட்டு நாளா இதைச் சொருகிக்கிட்டா உள்ள போன? நாலு பேரு உசுரு போறதுக்கா? நாளைக்கு இது இருந்துச்சு, ஒன்னையத் திருப்பி அனுப்பிருவேன். போ உள்ள."

ஊசியை டப்பாவில் எறிந்தார். அந்த டப்பாவில் மற்ற பெண்களின் ஊசிகளும் கிடந்தன. அவிழ்ந்த முடியைக் கையால் சுருட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். கண்ணீர் வந்துவிட்டது. வாங்கிய திட்டுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்குப் பின்னால் ராமலட்சுமி கையை விரித்தாள். ரூமுக்குப் போனதும் லேபிளுக்காகக் கையை நீட்டினாள். "பாண்டியம்மா, அந்த லேபிள் கட்டை எடு" என்றாள்.

5. இப்போது

சண்முகத்தாய் அக்காவுக்கு முட்டி வலி வந்து நிற்க முடியாமல் போனபோது, பெண்கள் லைனுக்கு இரண்டு பேரைப் போட்டார்கள். ஒருத்தி ராமலட்சுமி, இன்னொருத்தி நான். என் பெயரைச் சொன்னது அக்காதான். "இவ ஒருத்தரையும் சும்மா விட மாட்டா" என்றார்.

புதிதாக வருகிற பிள்ளைகளில் சிலர் என் கையைப் பார்த்துத் தயங்குவார்கள். "என் கை வேண்டாம்னா சொல்லு, ராமலட்சுமி சோதிப்பா. அதுல எனக்கு வருத்தமில்ல. சோதிக்காம மட்டும் போக முடியாது" என்பேன். சிலர் அந்தப் பக்கம் போவார்கள். பெரும்பாலும் எந்த லைன் சின்னதோ அங்கே வந்து நிற்பார்கள்.

என்னைப் போலப் பிறந்து, இனிமேல் ஒரு கம்பெனிக்கோ ஆபீசுக்கோ கடைக்கோ முதல் நாள் போகப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்களை எந்த லைனில் சேர்ப்பது என்று தெரியாமல் முழிக்கிறவர்கள், நல்ல மனிதர்கள் மாதிரிச் சிரித்துக்கொண்டே, "நீ மட்டும் சும்மா போ" என்பார்கள். போகாதீர்கள். கையை விரித்துக்கொண்டு உங்கள் லைனில் நில்லுங்கள். பின்னால் எத்தனை வேன் காத்திருந்தாலும் சரி, சோதிக்கிற வரைக்கும் நகராதீர்கள்.