பகோடாப் படியில் மதினி

வியட்நாமில், ஹுவே நகர அரண்மனையின் முகப்பு வாசலில் ஐந்து வழிகள். நடுவழி ராஜாவுக்கு மட்டும் என்று வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். மதினி இடப்பக்க வழியில் நுழைவதைப் பார்த்து நான் வலப்பக்கம் போனேன்.

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் நெஞ்சுவலியில் இறந்த அன்று, கூடலூர் வீட்டில் அத்தனை சனத்துக்கும் முன்னால், "ஒரு பகல் முழுக்க வலியோட வீட்டுலயே போட்டு எங்கண்ணனக் கொன்னுட்டீகளே" என்று கத்தியவள் நான். மதினி வாய் திறக்கவில்லை. அதன்பின் நான்கு ஆண்டுகள் எங்களுக்குள் பேச்சில்லை. எப்படியாவது சேர்த்துவைக்க நினைத்த மதினியின் மகன், வியட்நாம் சுற்றுலாவுக்கு எங்கள் இருவர் பெயரையும் பதிந்துவிட்டான். மதினியும் வருவது கொச்சி விமான நிலையத்தில்தான் எனக்குத் தெரிந்தது. தங்கியதும் ஒரே அறை.

அரண்மனைக்குள் சிவப்புத் தூண்களில் பொன்னிற டிராகன்கள் சுற்றிக் கிடந்தன. பாதி மாளிகைகள் போரில் போய், அடித்தளத்தில் புல் முளைத்திருந்தது. காலையிலிருந்தே என் இடது தோள் கனத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் ஆற்றங்கரை மேட்டிலிருந்த ஏழடுக்குப் பௌத்தக் கோபுரமான பகோடாவுக்குப் போனோம். பாதிப் படியில் நெஞ்சை யாரோ முறுக்குவதுபோல் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். உடன் வந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஒண்ணுமில்ல, கேஸ்தான். சோடா குடிச்சாச் சரியாப்போகும்" என்றேன்.

மேலே போய்க்கொண்டிருந்த மதினி சட்டென்று திரும்பினார். இறங்கி வந்து என் நெற்றியைத் தொட்டார். வியர்வையில் கை நனைந்தது.

"இது கேஸ் இல்ல! ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுங்க!"

வழிகாட்டிப் பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை. மதினி தன் நெஞ்சில் அறைந்து காட்டி, அவள் கையைப் பிடித்து வேன் பக்கம் இழுத்தார்.

"எல்லாரும் பாக்குறாக, விடுங்க மதினி" என்றேன்.

"பேசாத. மெதுவா மூச்சு விடு."

வேனைச் சுற்றி மோட்டார் சைக்கிள்கள். வண்டி ஊர்ந்தது. என் தலை மதினி மடியில். அவர் சாலையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"உங்கண்ணனும் இதே வார்த்ததான் சொன்னாக. கேஸ்தான், தங்கச்சிகிட்டச் சொன்னா பதறிப்போவா, சொல்லிராதன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனாக. நம்பிட்டேன்த்தா."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"செத்த மனுசன் மேலயா பழி போடச் சொல்ற?"

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் என் இதயக்குழாய் அடைப்பை நீக்கினார்கள். மருத்துவர் பேசியதைக் கைபேசி தமிழாக்கிச் சொன்னது: தாமதித்திருந்தால் கடினமாகியிருக்கும். குழு அடுத்த ஊருக்குப் போய்விட்டது. மதினி மட்டும் எனக்குக் கஞ்சி ஊட்டியபடி அந்த ஊரிலேயே கிடந்தார். பகோடாவை அவர் முழுதாகப் பார்க்கவேயில்லை.

போன மாதம் அண்ணனுக்குத் திதி. உறவெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நான் எழுந்து நின்றேன். "அன்னைக்கு இந்த வீட்டுல மதினியப் பாத்து நான் சொன்னது தப்பு. அவுக மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன்.

அடுப்படியில் மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். அண்ணன் இறந்த அன்றுகூட அவர் அப்படி வாய்விட்டு அழவில்லை.