தலைக்கு மேல் பீங்கான்

என் அண்ணி நீலாவதிக்கு அருவருப்பு வராத பொருள் இந்த விருத்தாசலத்தில் ஒன்றுகூடக் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் கம்பியை முந்தானையால்தான் பிடிப்பார். டீக்கடைக் கிளாஸை மறுபடி மறுபடி கழுவச் சொல்லிவிட்டு, கடைசியில் டீயே வேண்டாம் என்று வந்துவிடுவார். தன் வேர்வையே அவருக்கு ஆகாது. "சீ, கருமம், ஒடம்புல எண்ணெய ஊத்தினாப்புல இருக்குது" என்று நாளெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பார். நான் அவருடைய நாத்தனார், அமிர்தம். இந்த ஊருக்கு வாழ வந்து கிழவியாகிவிட்டேன். எனக்கும் அருவருப்பு உண்டு. ஆனால் வேர்வை மேல் இல்லை, மனுஷர்கள் மேல்.

என் அண்ணன் தர்மராஜ் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். கல்யாணமான கையோடு அண்ணியும் மலையேறிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் அங்கேயே பிறந்து, படித்து, இறங்கிப் போய்விட்டன. இவர்கள் மட்டும் கம்பெனி வீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். அண்ணன் ரிட்டயரான பிறகு வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். எங்கள் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். அங்கே இப்போது நிலமும் இல்லை, வீடும் இல்லை. அத்தை இருக்கிறாள், ரயில் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது என்று மகன் குருமூர்த்தி விருத்தாசலத்தில் மனை வாங்கினான்.

கட்டினானே ஒரு வீடு! சென்னையில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே கட்டிய வீடு. மேற்கே பார்த்து ஆளுயரக் கண்ணாடி. கேட்டால் எலிவேஷனாம், முகப்பு அழகாம். வெண்டிலேட்டர் வைத்தால் பழைய வீடு மாதிரி இருக்கும் என்று அதையும் அடைத்துவிட்டான். ஜன்னலுக்கு மேலே ஒரு சன்ஷேடு கிடையாது. மேல்தளம் மொட்டை சிமெண்டு. சாயங்காலமானால் கூடத்தில் அப்பளம் பொரிக்கலாம். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "சூப்பரா இருக்குதுங்க" என்று சொல்லி, சாப்பிட்டு, ஏப்பம் விட்டுப் போனார்கள். தை மாசம் அது. தை மாசத்தில் எந்த வீடுதான் நன்றாக இருக்காது?

பின்பக்க மதிலுக்கு அந்தப்புறம் ஒரு பீங்கான் கம்பெனி. விருத்தாசலத்தில் கப்பு சாஸர் செய்கிறவர்கள் உண்டு, பொம்மை செய்கிறவர்கள் உண்டு. இந்தக் கம்பெனி செய்வது கக்கூஸ் பீங்கான். சூளையில் வெடித்தது, கோணியது எல்லாம் மதிலோரம் வந்து விழும். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று ஒரு கக்கூஸ் மலை. முதல் நாள் அதைப் பார்த்த அண்ணி "உவ்வே" என்று வாயைப் பொத்திக்கொண்டு சாத்திய ஜன்னலை அப்புறம் திறக்கவே இல்லை.

மற்ற ஜன்னல்களை மட்டும் சரியாகவா திறந்தார்? மலையில் வெயில் என்றால் விருந்தாளி. வெயில் எட்டிப் பார்த்ததும் கதவு ஜன்னலெல்லாம் திறந்து வைப்பார்கள், பொழுது சாய்ந்ததும் பனிக்குப் பயந்து சாத்திவிடுவார்கள். அதே பழக்கத்தை அண்ணி இங்கேயும் செய்தார். சித்திரை மாசத்து உச்சி வெயிலில் எல்லாக் கதவும் திறந்திருக்கும். காற்று கொஞ்சம் தலைகாட்டுகிற நேரத்தில் படார் படாரென்று சாத்துவார். "அண்ணி, இது கோத்தகிரி இல்லீங்க. பகல்ல சாத்தணும், ராவுல தொறக்கணும்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "வெயில் வராத வூடு நாறும் அமிர்தம்" என்பார். கை பழகிவிட்டால் புத்தி சொல்லி என்ன செய்ய?

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம் அண்ணன் கூடத்தில் மயங்கி விழுந்தார். ஏசி ஒன்று இருந்தது, ஆனால் மத்தியானத்தில் வோல்டேஜ் இல்லாமல் நின்றுவிடும். ஓடினாலும் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். வெயில் தாங்காத உடம்பு, குளுமையான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் சென்னையிலிருந்து குருமூர்த்தி வந்தான், பெங்களூரிலிருந்து மகள் மதிவதனி வந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே நின்று பேசி முடித்துவிட்டார்கள். அப்பா மதிவதனியோடு பெங்களூருக்கு, அங்கே குளுமை. அம்மா குருமூர்த்தியோடு சென்னைக்கு, மருமகளுக்கு ஆடியில் பிரசவம், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம்.

"ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருந்தா என்னாடா?" என்று நான்தான் கேட்டேன்.

"எடம் எங்க அத்தை இருக்குது? அபார்ட்மெண்ட்டு" என்றான் அவன். மதிவதனி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் குமட்டியது. ஆஸ்பத்திரி பினாயில் நாற்றத்தில் வராத குமட்டல், பெற்றவர்களைப் பாத்திரம் பண்டம் பிரிப்பது போல அண்டா உனக்கு, குத்துவிளக்கு எனக்கு என்று அந்தப் பிள்ளைகள் பேசியதில் வந்தது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? அண்ணனிடம் கேட்டதற்கு "உங்க இஷ்டம்பா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணி அப்போது தண்ணீர்க் குழாயடியில் நின்று அண்ணனின் பல்செட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் இருக்கிற எல்லாவற்றுக்கும் மூக்கைப் பொத்தும் அண்ணி, அந்தப் பல்செட்டை மட்டும் வெறும் கையால்தான் கழுவுவார்.

"அதை எங்க வெச்சம்னுகூட அவருக்குத் தெரியாது அமிர்தம். நாந்தான் எடுத்துக் குடுக்கணும். பெங்களூர்ல எவ எடுத்துக் குடுப்பா?" என்றார் என்னிடம். பிறகு மகனிடம் போய் நின்றார். "வைகாசி கழியட்டும் குரு. வூட்டைக் குளுமையாக்கிக் காட்டறேன். ஆவலன்னா நீ சொல்ற எடத்துக்கு வாய மூடிக்கிட்டு வரேன்."

"வூடு எப்படிம்மா குளுமையாவும்?" என்று சிரித்தான். ஆனாலும் ஒத்துக்கொண்டான். பிரசவம் ஆடியில்தானே.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியின் கோபமெல்லாம் அந்தக் கக்கூஸ் மலை மேல் திரும்பியது. கம்பெனிக்காரனைக் கேட்டே தீருவது என்று பொழுது சாயும் நேரத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வாட்ச்மேன் எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். தார் ரோட்டில் கால் வைக்க முடியவில்லை, செருப்பையும் மீறிச் சுட்டது. அப்போதுதான் அண்ணி பேச்சை நிறுத்தினார். மேட்டின் மேலே, வெள்ளைச் சில்லுகளுக்கு நடுவில் ஒரு தெருநாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்தில் மண் இருக்கிறது, சிமெண்டுத் திட்டு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு அது உடைந்த கக்கூஸின் மேல் படுத்திருந்தது.

அண்ணி போய், முந்தானையால்கூடப் பிடிக்காமல், வெறும் உள்ளங்கையை ஒரு சில்லின் மேல் வைத்தார். கையை எடுத்துப் பக்கத்துச் சிமெண்டுத் திட்டில் வைத்தார். "யம்மா!" என்று கையை உதறினார். மறுபடி சில்லின் மேல் வைத்தார். சண்டை போட வந்தவர் வாட்ச்மேனிடம், "தம்பி, இதை அள்ளிக்கிட்டுப் போனா ஏதாவது சொல்லுவாங்களா?" என்று கேட்டார்.

"புண்ணியமாப் போவட்டும், அள்ளிக்கிட்டுப் போங்க" என்றான் அவன்.

அள்ளினோம். சும்மாவா அள்ளினார்? ஒவ்வொரு துண்டையும் சோப்புப் போட்டுக் கழுவி, மஞ்சள் தண்ணீரில் முக்கி, திரும்பவும் நல்ல தண்ணீரில் அலசினார். "அண்ணி, ஒருத்தரும் ஒக்காராத கக்கூஸுங்க, சூளையிலேருந்து நேரா வந்தது" என்றேன். "தெரியும். இருந்தாலும் பேரு கக்கூஸுதானே" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே தேய்த்தார். சாக்கில் போட்டுச் சுத்தியலால் நானும் தட்டினேன், அவரும் தட்டினார். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

கொத்தனார் சாமிதுரை வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அம்மா, மாடியில வெள்ளை டைலு ஒட்டறது எல்லாரும் செய்யறதுதான். ஆனா கீழ சாமி ரூமு இருக்குது, மேல கக்கூஸ் சில்லை ஒட்டினேன்னு தெரிஞ்சா, நாளைக்கி எவன் எனக்குப் பூசை போட்டு வேலை குடுப்பான்?"

"சாமிக்கு வெயிலடிக்காதா?" என்றார் அண்ணி. "கீழ படுத்திருக்கிற மனுஷனுக்கு வெயிலடிக்குது. மொதல்ல அதைப் பாருங்க."

சாமிதுரை முணுமுணுத்துக்கொண்டே சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து, மாடி முழுக்கச் சில்லை நெருக்கிப் பதித்தார். முன்பக்கத்து எலிவேஷன் கண்ணாடிக்குத் தென்னங்கீற்று கட்டச் சொன்னார் அண்ணி. மாட்டுக்கொட்டகை போல ஆகிவிட்டது. எனக்குப் பரம சந்தோஷம்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எதிர்வீட்டு ராஜம்மாள் முதலில் ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை சுண்டல் கொடுக்கப் போனால் வாசலிலேயே நின்று, "வேணாங்க, வயிறு சரியில்ல" என்றாள். பின்னால் போய்த் தெருவெல்லாம், "கக்கூஸுக்குக் கீழ ஒலை வெக்கிறாங்கடி" என்று சொல்லியிருக்கிறாள். அவள் புருஷன் எங்கே வேலை பார்க்கிறான் தெரியுமா? அதே கம்பெனியில். அவர்கள் தின்கிற சோறே அந்தக் கக்கூஸ் போட்ட சோறு. த்தூ! நேரே போய்க் கேட்டேன். "அது வேலைங்க, இது வூடு" என்றாள். இதற்கு மேல் என்ன பேச?

அண்ணிக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. விளக்கேற்றும்போது அண்ணாந்து மேலே பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், பிறகு ஏற்றுவார். ஆனால் ஜன்னல் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். விடிந்ததும் சாத்திவிட்டு, இருட்டியதும் திறந்தார். அந்தப் படுக்கையறை ஜன்னலையும் சேர்த்துத்தான்.

வீடு மாறிவிட்டது. கோத்தகிரி ஆகிவிடவில்லை, பொய் சொல்லக் கூடாது. வேர்த்தது, வேர்க்குரு போகவில்லை, அண்ணி "கருமம், கருமம்" என்று துடைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஃபேனிலிருந்து அனலுக்குப் பதிலாகக் காற்று வந்தது. அண்ணன் சாப்பிட்டார். மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

வைகாசி முடியும் சமயம், நல்ல உச்சி வெயிலில் குருமூர்த்தி காரோடு வந்து இறங்கினான். வீடாவது குளுமையாவதாவது என்று, அம்மாவை ஏற்றிக்கொண்டு போகவே வந்திருந்தான். மதிவதனி மறுநாள் வந்து அப்பாவை அழைத்துப் போவதாக ஏற்பாடு. கீற்றைப் பார்த்ததுமே அவன் முகம் கோணியது. "என்னம்மா இது, எவ்ளோ செலவு பண்ணி எலிவேஷன் வெச்சேன்!"

"செருப்பை அவுத்துட்டு மாடிக்கு வா" என்றார் அண்ணி.

அவனுக்கு எரிச்சல். இருந்தாலும் வந்தான், நானும் பின்னாலேயே போனேன். போன மாசம் இதே மாடியில் துணி காயப்போடச் செருப்பில்லாமல் ஏறி, பாதம் கொப்பளித்து அலறிக்கொண்டு இறங்கியவள் நான். இப்போது மாடி முழுக்க வெள்ளை, கண் கூசியது. குருமூர்த்தி கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நடுமாடி வரை போனான். குனிந்து பார்த்தான். வளைந்த விளிம்புத் துண்டு ஒன்று, கால் வைக்கும் வரிபோட்ட துண்டு ஒன்று. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயே! அம்மா, இது... கக்கூஸா? நீயாம்மா இதைப் பண்ண? அசிங்கமா இல்ல உனக்கு?"

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தார்.

"பொழங்காம ஒடைஞ்சதுடா இது. இதுல என்னா அசிங்கம்? நல்லாப் பொழங்கிட்டு, எடமில்லன்னு தூக்கிப் போடறாங்க பாரு, அதான் அசிங்கம்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கீழே அண்ணன் எழுந்துவிட்ட சத்தம் கேட்டது. பல்செட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உச்சி வெயில், காலில் செருப்பில்லை, குருமூர்த்தி கால் மாற்றிக்கூட வைக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.