காக்கா வருது, ஓட்டு நைனா

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அறுத்தெடுத்த உறுப்புகளைக் கண்ணாடி ஜாடிகளில் மருந்து ஊற்றி வைத்திருக்கும் ஆஸ்பத்திரி அறையில் எனக்கு வேலை, அங்கேயே உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறேன், அதனால் பயந்தாங்கொள்ளி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஐம்பதுகளின் ஆரம்பம், ராயபுரம். வயிற்றில் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்து, வெட்டியெடுத்ததை எங்கள் பெரிய டாக்டர் ஆராய்ச்சிக்காகச் சேர்த்துவந்தார். காசிமேட்டு மீனவர் எட்டியப்பனின் இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

ஒரு மதியம் அலமாரியைத் துடைக்கும்போது அவருடைய ஜாடி கைதவறி விரிசல் விட்டு, மருந்தெல்லாம் ஒழுகிவிட்டது. டாக்டருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று சதையை ஒரு பீங்கான் தட்டில் போட்டு ஜன்னலோரம் வைத்துவிட்டு, வேறு ஜாடி வாங்க ஸ்டோருக்கு ஓடினேன். வழியில்தான் ஆண்கள் வார்டு. உள்ளே ஒரே கூச்சல். எட்டியப்பனின் மனைவி பாக்கியம் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

“அண்ணே, நல்லா தூங்கிகினு இருந்தாரு, திடீர்னு எயுந்து வெயில்ல போட்டுட்டாங்கோ, காயுது காயுதுன்னு கத்துறாரு. இன்னான்னு பாருண்ணே!”

கட்டில் கிடந்ததோ நல்ல நிழலில். வெயில் விழுந்தது நான் தட்டை வைத்துவந்த ஜன்னலில்தான். எட்டியப்பன் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“காக்கா வருது, ஓட்டு நைனா!”

நம்பினால் நம்புங்கள், அப்படியே திரும்பி ஓடினேன். எங்கள் அறை பின்கட்டில் இருக்கிறது, வார்டிலிருந்து பார்க்க வழியே இல்லை. ஜன்னலில் ஒரு காக்கா, தட்டின் விளிம்பில் நின்று கொத்தக் குனிந்துகொண்டிருந்தது.

விரட்டிவிட்டு, கைக்குக் கிடைத்த ஊறுகாய் ஜாடியில் சதையைப் போட்டு மருந்தை ஊற்றினேன். வார்டுக்குப் போனால் அவர் தூங்குகிறார்.

“இப்பத்தான் அடங்குச்சு, குளுந்துபோச்சுன்னாரு” என்றாள் பாக்கியம்.

உடம்பு தேறி அவர் வீட்டுக்குக் கிளம்பிய அன்று நானே கேட்டுப் பார்த்தேன். எதுவும் ஞாபகமில்லை, காய்ச்சலில் உளறியிருப்பேன் என்று சிரித்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, பாக்கியத்துக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டார்.

“எம் பக்கத்துல ஒரு பொம்பள அயுதுகினே இருந்துச்சே நைனா, அது வூட்டுக்குப் போயிடுச்சா?”

வார்டில் அவருக்கு இரண்டு பக்கமும் ஆண்கள்தான். ஆனால் அலமாரியில் அவருடைய ஜாடிக்குப் பக்கத்து ஜாடி, ஆபரேஷனுக்குப் பிறகு பிழைக்காமல் போன ஒரு மணலிக்காரப் பெண்ணுடையது.

“போயிட்டாங்க” என்றேன்.

நான் வேலையை விட்ட நாளிலும் அந்தப் பெண்ணின் ஜாடி அங்கேயேதான் இருந்தது.